சந்தியா வீட்டுக்கு யாரும் போகவில்லை

1

ஊரில் இந்நேரம் காப்புக் கட்டியிருப்பார்கள். பொம்மிடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் மாரியம்மனுக்குப் பங்குனியில்தான் திருவிழா. இங்கே வாசலில் பழைய பனி கரையாமல் சாம்பல் நிறத்தில் குவிந்து கிடக்கிறது. நான் பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்து, மஞ்சள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்கா வந்த நாளிலிருந்து ஒவ்வொரு பங்குனிக்கும் ஊரில் கட்டும் அதே நாளில் நானும் இங்கே கட்டிக்கொள்வேன். யோசித்துக் கட்டியதில்லை.

இந்த வருஷம் யோசிக்க வைத்தது ரோசா கேட்ட கேள்வி. ரோசா என்னோடு காலேஜில் படிப்பவள். மெக்சிகோக்காரி. பகலெல்லாம் ஆபீஸ்களைக் கூட்டித் துடைத்துவிட்டு, சாயங்காலம் வகுப்புக்கு வருவாள். போன சனிக்கிழமை எங்கள் படிப்புக் கூட்டம் அவள் வீட்டில் நடந்தது. சாப்பிட்டு முடித்ததும் என்னைப் பார்த்து, "ஈஸ்வரி, உன் ஊரில் ரத்தப் பரிசோதனை படித்தாளே ஒரு பெண், சந்தியா, அவள் பாஸ் பண்ணிவிட்டாளா? இப்போதெல்லாம் நீ அவளைப் பற்றிப் பேசுவதே இல்லையே?" என்றாள்.

நான் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டேன். தண்ணீரைத் திறந்துவிட்டு, கழுவிய தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அவளுக்குச் சொல்ல முடியாததை உங்களுக்கு எழுதுகிறேன். அவளுக்கு எவ்வளவு விளக்கினாலும் புரியாது. நீங்கள் நம் பக்கத்துக்காரர்கள், பாதி சொன்னாலே புரிந்துவிடும். அப்படிப் புரிந்துவிடுகிறதே என்பதுதான் எனக்கு வேதனை.

2

நான் பத்தாவதோடு நின்றவள். என் வீட்டுக்காரர் இங்கே ஓர் இந்தியச் சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை பார்க்கிறார். நான் குழந்தைகள் காப்பகத்தில் இருக்கிறேன். பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைத்துவிடுவதும், சோறூட்டித் தூங்க வைப்பதும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் சான்றிதழ் இல்லாதவர்களை இனிமேல் வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்காகத்தான் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தேன். மார்க்கும் வயசும் பார்க்காமல் சேர்த்துக்கொள்ளும் காலேஜ் அது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள்தான் அங்கே அதிகம். நம் பக்கத்தில் சமுதாயக் கல்லூரி என்கிறோமே, கிட்டத்தட்ட அது மாதிரி.

சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. என் பள்ளிக்கூடச் சான்றிதழில் தலைமையாசிரியர் முத்திரை மை பரவிப்போய் இருந்தது. இது என்ன பாஷை, யார் கொடுத்தது, அந்தப் பள்ளிக்கூடம் இன்னும் இருக்கிறதா என்று மூன்று மேசைக்கு அலைந்தேன். கடைசிப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எனக்கு ஏது கடைசிப் பெயர்? பாஸ்போர்ட்டில் இருந்தபடி வீட்டுக்காரர் பெயரைப் போட்டுவிட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. இப்போது தினமும் வகுப்பில் "முருகேசன்" என்று கூப்பிட, நான் எழுந்து "பிரசென்ட்" சொல்கிறேன். முதல் நாள் காது சுட்டது. முருகன் பேர்தானே, காதில் விழுந்தால் புண்ணியம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பாடம் புரிகிறதா என்று டீச்சர் கேட்பார். நான் நம் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டுவேன். அவர் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். வகுப்பே என்னை முறைக்கும். என் மகள் ரம்யா ஹைஸ்கூல் படிக்கிறாள். அவள் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "அம்மா, நீ காலேஜ் போறதை என் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லாத, ப்ளீஸ்" என்றாள். தமிழில் அவள் எனக்குச் சொல்வதே இப்படி இரண்டொரு வாக்கியம்தான். அதுவும் இப்படித்தான் இருக்கும்.

அந்தக் காலேஜில் எனக்குப் பிடித்தது எங்கள் கூட்டம். அவர்கள் அதை லேர்னிங் கம்யூனிட்டி என்கிறார்கள். ஒரே வகுப்புகளை எடுப்பவர்களைச் சேர்த்து ஒரு குழுவாகக் கட்டிவிடுவார்கள். சேர்ந்து படிக்க வேண்டும், ஒருவர் பின்தங்கினால் மற்றவர்கள் பிடித்து இழுக்க வேண்டும். எங்களுக்குப் பொறுப்பான டீச்சர் கரோல் ஒரு விதி வைத்தார். சனிக்கிழமை தோறும் குழுவில் ஒருவர் வீட்டில் கூட வேண்டும், முறை வைத்து எல்லார் வீட்டுக்கும் போக வேண்டும். லைப்ரரியில் உட்காரக் கூடாதா என்று நாங்கள் முனகினோம்.

அவர் சொன்னார்: "ஒருவர் வகுப்புக்கு வரவில்லை என்றால் 'ஏன் வரவில்லை' என்று மெசேஜ் அனுப்புவீர்கள். அவர் வீடு தெரிந்திருந்தால் போய்க் கதவைத் தட்டுவீர்கள். இரண்டும் ஒன்றில்லை."

அது எவ்வளவு நிஜம் என்பது எனக்கே தெரிய வந்தது. கடையில் எண்ணெய்ச் சட்டி சாய்ந்து என் வீட்டுக்காரருக்கு வலது கை வெந்துபோயிற்று. அவருக்கு ஊட்டிவிடுவதும் கட்டு மாற்றுவதுமாக நான் காலேஜை விட்டுவிட்டேன். விட்டதுதான், இனிமேல் எங்கே என்று இருந்தேன். ஒரு சாயங்காலம் பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது கதவு தட்டப்பட்டது. ரோசாவும், கூடவே ஹோதானும் நின்றார்கள். ஹோதான் சோமாலியாப் பெண், தலையில் முக்காடு போட்டிருப்பாள். பஸ் மாறி வந்திருந்தார்கள். ஒருத்தி பாத்திரம் கழுவினாள், இன்னொருத்தி நான் விட்ட பாடத்தை வாசித்துக் காட்டினாள். முருகன் நேரில் வர முடியாதபோது இப்படித்தான் ஆளை அனுப்புவான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

3

அந்தச் சமயத்தில்தான் என் தம்பி தங்கராசு மகள் கோமதி போனில் அழுதாள். மொரப்பூர்ப் பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரியில் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்திருந்தாள். எங்கள் வீட்டில் பன்னிரண்டாவது தாண்டிய முதல் பெண் அவள்.

"நான் நின்னுடறேன் அத்தை. முதல் டெஸ்ட்லயே பெயிலு. எல்லாம் இங்கிலீசு. ஒண்ணும் மண்டையில ஏற மாட்டேங்குது."

"உன்கூட ட்ரெயின்ல யாரும் வர்றதில்லயா?"

"நந்தினி வர்றா. அவ என்னைய விட மோசம். இன்னொருத்தி இருக்கா, சந்தியான்னு. நம்மூருக் காலனிப் புள்ள. அவ மட்டும் பாஸு."

"அவகிட்ட கேக்கறது?"

"அவ தனியா ஜன்னல் ஓரத்துல உக்காந்துக்குவா அத்தை. யார்கிட்டயும் பேச மாட்டா."

"யாராச்சும் பேசினா தான அவ பேசுவா? நீ போயி பக்கத்துல உக்காரு."

உட்கார்ந்தாள். பொம்மிடியில் ஏறினால் மொரப்பூர் வருவதற்குள் ஒரு பாடம் பேசிவிடலாம். சந்தியா பேச மாட்டாள் என்றதெல்லாம் பொய். வாயைத் திறந்தால் பெட்டியே சிரிக்குமாம். ரத்தம் எடுக்கும் குழாய்களின் மூடி நிறம் எதற்கு எது என்று கோமதிக்கு மனசில் நிற்கவே நிற்காது. அதற்கு சந்தியா சொல்லிக் கொடுத்தாளாம்: "ஊதா மூடி நந்தினி. உள்ள இருக்கறது உறையவே உறையாது, இவ வாய் மாதிரி ஓடிக்கிட்டே இருக்கும். சிவப்பு மூடி கோமதி. செத்த நேரம் உட்டாப் போதும், உறைஞ்சு உக்காந்துக்கும்." பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தபோது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே எழுதினார்களாம்.

எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னேன். எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். அவர்களையும் நம்மோடு சேர்த்துக்கொள்வோம் என்றாள் ரோசா. எங்களுக்குச் சனிக்கிழமை காலை, அவர்களுக்கு விளக்கு வைக்கும் நேரம். நாங்கள் இங்கே ஒரு வீட்டில், அவர்கள் அங்கே ஒரு வீட்டில், நடுவில் போன். ரோசா கையை ஆட்டுவாள், அவர்கள் ஆட்டுவார்கள். ஹோதான் இங்கிலீஷில் கேள்வி கேட்பாள், சந்தியா முதலில் தடுமாறிப் பதில் சொல்வாள், அப்புறம் தடுமாறாமல் சொன்னாள். அடுத்த டெஸ்டில் மூன்று பேரும் பாஸ்.

வீடு மாறி மாறிக் கூட வேண்டும் என்கிற விதியையும் நான்தான் அவர்களுக்குச் சொன்னேன். கரோல் டீச்சர் சொன்ன காரணத்தையும் அப்படியே சொன்னேன். சந்தியாதான் முதலில், "எல்லாரு வூட்டுக்குமா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"எல்லாரு வூட்டுக்கும் தான் கண்ணு."

அவள் மற்ற இருவர் முகத்தையும் பார்த்தாள். அப்புறம், "சரிங்க ஆன்ட்டி" என்றாள்.

4

முதலில் நந்தினி வீடு. வெளியே வேப்ப மரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். காற்றுக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது என் தம்பி வீடு. அங்கே உள்கூடத்திலேயே உட்கார வைத்திருந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ரோசாவிடம், இதுதான் நான் பிறந்த வீடு என்று போனைக் காட்டினேன். தம்பி மனைவி மல்லிகா டீ கொண்டுவந்தாள். கோமதிக்கும் நந்தினிக்கும் சில்வர் டம்ளர். சந்தியாவுக்கு மட்டும் பேப்பர் கப்.

நான் பார்த்தேன். சந்தியா அதை இயல்பாக வாங்கிக் குடித்தாள், குடித்ததும் கசக்கித் தன் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டாள். குப்பையை அந்த வீட்டில் போடக்கூட அவளுக்கு யோசனையாக இருந்திருக்கும் போல. அன்று இங்கே கூட்டம் என் வீட்டில்தான். என் பின்னால் நின்ற ரம்யா, "ஏம்மா அந்தக் கேர்ளுக்கு மட்டும் டிஸ்போசபிள்?" என்றாள். டம்ளர் பற்றாமல் போயிருக்கும் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் மல்லிகாவுக்குப் போன் போட்டேன்.

"ஏன் மல்லிகா, குடுக்கறது குடுத்த, எல்லாருக்கும் பேப்பர் கப்புலயே குடுத்திருக்கலாம்ல?"

"அக்கா, நல்லாயிருக்குதே நீங்க பேசறது! வூட்டுக்குள்ள உட்டு, ஃபேனு போட்டு, டீ வெச்சுக் குடுத்திருக்கேன். அத்தை உசுரோட இருந்தா வாசப்படி மிதிக்க உட்டிருப்பாங்களா? நீங்களே சொல்லுங்க."

"அதுக்கில்ல. அந்தப் புள்ள மனசு என்ன பாடுபடும்?"

"அதுக்கு அதெல்லாம் பழக்கந்தானுங்க்கா. உங்களுக்குத் தான் அமெரிக்கா போயி பழக்கம் உட்டுப் போச்சு."

 கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகும், வீட்டுக்குள் வந்ததே பெரிசு என்று நினைத்தேன்.

மூன்றாவது முறை சந்தியா வீடு, போன வருஷம் பங்குனியில். அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள் தம்பியே போன் செய்தான்.

"அக்கா, புள்ளைங்கள நாளைக்கு அங்க அனுப்ப முடியாது."

"ஏன்டா? வாக்குக் குடுத்தாச்சு. அவங்கம்மா காத்துக்கிட்டு இருப்பாங்க."

"காப்புக் கட்டியாச்சு. எல்லை தாண்டி ஒரு வூட்ல போயி கை நனைக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? அம்மன் காரியத்துல வெளையாடாத. பொழுது போன நேரத்துல பொட்டப்புள்ளைங்க காலனிக்குள்ள போனா நாளைக்கு நாலு பேரு மூஞ்சில நான் முழிக்கணும். நீ அங்க உக்காந்துக்கிட்டு ஈசியா சொல்லிடுவ."

காலனி, பொழுது, நாலு பேர் என்று அவன் சொன்னதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. அம்மன் பேர் வந்ததும் வாய் அடைத்துப்போயிற்று. காப்பு என்றால் காப்புத்தான். சின்ன வயசிலிருந்து பயந்து வளர்ந்தது. "சரி உடு, காப்பு அவுத்தப்புறம் போகட்டும்" என்று சொல்லிவிட்டேன். சந்தியாவிடம் கோமதி சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ சொல்ல வாய் வராமல் போனையே அணைத்து வைத்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை எங்களுக்கு ஹோதான் வீட்டில் கூட்டம். தரையில் கம்பளம் விரித்து உட்கார்ந்திருந்தோம். ஏலக்காய் தட்டிப் போட்ட டீ, சர்க்கரை தூக்கலாக. எனக்காகத் தனிப் பாத்திரத்தில் கறி சேர்க்காமல் சமைத்து, முக்காட்டுத் துணியால் வியர்வையைத் துடைத்துக்கொண்டே பரிமாறினாள். அப்போது போன் வந்தது. சந்தியா.

புதுச் சுடிதார் போட்டிருந்தாள். பின்னால் சுவரில் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெரிசாக வரைந்த இதயத்தின் படம் ஒட்டியிருந்தது. பக்கத்து வீடுகளில் வாங்கி வந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக, காலியாக. உள்ளிருந்து அவள் அம்மா குரல்: "கெளம்பிட்டாங்களான்னு கேளு பாப்பா. கேசரி ஆறுது."

"ஆன்ட்டி, ரெண்டு பேரும் போன எடுக்கலீங்க. வந்துட்டு இருக்காங்களாங்க?"

"அது வந்து கண்ணு... ஊருல காப்புக் கட்டியிருக்காங்கல்ல. எல்லை தாண்டக் கூடாதாம். அவுத்தப்புறம் வர்றாங்களாம்."

அவள் காலி நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்களுக்குந் தானுங்க ஆன்ட்டி காப்புக் கட்டியிருக்கு. அதே நாளு தான். இதோ, அம்மா கையில பாருங்க." கரண்டி பிடித்த ஒரு கையைப் படத்துக்குள் இழுத்துக் காட்டினாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. "நேத்து மூணு பேரும் ட்ரெயின்ல காலேஜ் போய்ட்டு வந்தோம். கேன்டீன்ல சாப்பிட்டோம். மொரப்பூரு எல்லைக்கு உள்ளயாங்க இருக்குது?"

நான் போனை மாற்றிப் பிடித்தேன். அப்போது என் கை அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"உங்க கையிலயும் கட்டியிருக்கீங்களே ஆன்ட்டி. நீங்க இப்ப யாரு வூட்ல சாப்பிட்டுட்டு இருக்கீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அது இன்னும் என் காதில் இருக்கிறது. ஏழு கடல் தாண்டி வந்து, வேறு மதத்துக்காரி வீட்டுக் கம்பளத்தில் உட்கார்ந்து, வாயில் சோற்றோடு இருந்தேன் நான். என்னை எல்லை தாண்டியவள் என்று என் தம்பி ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

"உட்டுடு பாப்பா, பெரியவங்ககிட்ட என்ன பேச்சு" என்றது அவள் அம்மாவின் குரல்.

"வைக்கறங்க ஆன்ட்டி" என்றாள்.

என்ன ஆயிற்று என்று ரோசா கேட்டாள். சிக்னல் இல்லை என்றேன்.

5

அப்புறம் நடந்ததெல்லாம் எனக்கு முழுசாகத் தெரிந்தபோது காரியம் கைமீறிப்போயிருந்தது. பாதி கோமதி சொன்னது, மீதி பின்னால் சந்தியாவே சொன்னது.

சந்தியா அதே ரயிலில் வேறு பெட்டியில் ஏற ஆரம்பித்தாள். கோமதியும் நந்தினியும் கூச்சப்பட்டுக்கொண்டு கூப்பிடவில்லை. பின்னே ஒரு நாள் அவள் ரயிலிலேயே இல்லை. வகுப்பிலும் இல்லை. கோபத்தில் வரவில்லை, வந்துவிடுவாள் என்று இவர்கள் விட்டுவிட்டார்கள். அவள் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை முற்றி, தருமபுரி ஆஸ்பத்திரியில் தரையில் பாய் விரித்துப் பக்கத்தில் படுத்திருந்தாள் அவள். அப்பா இல்லை, தம்பி பள்ளிக்கூடம் போகிறவன். அம்மாவின் ரத்த ரிப்போர்ட்டை அவளே வாசித்து, எவ்வளவு மோசம் என்று அவளே தெரிந்துகொண்டாளாம். படித்த படிப்பு அவளுக்கு உதவியது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

அம்மா பிழைத்துக்கொண்டார். மாரியம்மன் காப்பாற்றினாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சந்தியா காலேஜுக்குத் திரும்பியபோது வருகை போதவில்லை, பரீட்சை எழுத முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இந்தத் தேதிக்குள் மருத்துவச் சான்று கொடுத்தால் போதும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்ததாம். கோமதி தினமும் அதைத் தாண்டித்தான் போனாள். ஒருத்தி அந்த வீட்டுக்குப் போய் இப்படி ஒரு நோட்டீஸ் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தால் போதும். நான் பாத்திரம் விளக்கப்படாத சமையலறையில் உட்கார்ந்திருந்தபோது இரண்டு பேர் பனியில் பஸ் மாறி வந்தார்கள். அவளுக்கு நடந்துபோகிற தூரத்தில் இருந்தும் ஆள் இல்லை.

சந்தியாவைப் பரீட்சை எழுத விடவில்லை என்று தெரிந்ததும் நான் காலேஜுக்குப் போன் செய்தேன். ஆபீஸில் ஒருவர் பொறுமையாகத்தான் பேசினார்.

"அந்தப் பொண்ணுக்கு நீங்க என்ன வேணுங்க?"

"தெரிஞ்சவங்க சார். அமெரிக்காவுல இருந்து பேசறேன்."

"எங்க இருந்து பேசினாலும் சரிங்க. சொந்தமா?"

இல்லை என்றேன்.

"சொந்தம் இல்லாதவங்ககிட்ட ஸ்டூடண்ட் விவரம் சொல்லக் கூடாதுங்க. அவுங்க அப்பா அம்மா வரட்டும். வேணும்னா அடுத்த வருசம் புதுசா சேந்துக்கச் சொல்லுங்க."

சந்தியாவைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அதற்குள் ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, அவர்கள் ஹாஸ்டலிலேயே தங்கியிருந்தாள். பின்னால் பக்கெட் சத்தமும் பெண்கள் சத்தமுமாக இருந்தது.

"கண்ணு, அடுத்த வருசம் சேத்துக்குவாங்களாம். வந்து படிச்சிரு. உனக்கு வராத படிப்பா?"

"காலேஜு சேத்துக்கும்ங்க ஆன்ட்டி. அதே ட்ரெயின்ல தான போவணும்?"

"போனா என்ன?"

"தனியாவே போய்ட்டு இருந்தப்ப ஒண்ணும் தெரியலீங்க. ஜன்னல் பக்கம் உக்காந்தா மொரப்பூர் வந்துடும். கூட ஆளு வெச்சுப் படிச்சுப் பாத்துட்டேன் பாருங்க, இப்ப தனியா உக்காந்தா எழுத்தே தெரிய மாட்டேங்குது." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "ஷிப்டு பஸ் வந்துடுச்சுங்க. ரோசா ஆன்ட்டிய கேட்டதாச் சொல்லுங்க."

இந்த மாதிரிக் கூட்டம் கட்டினால் படிக்கிறவர்கள் நிற்காமல் படித்து முடிப்பார்கள் என்று கரோல் டீச்சர் சொன்னார். எங்கள் கூட்டத்தில் அது நிஜம். சந்தியாவோ எங்கள் கண்ணே படாமல் தன் பாட்டுக்குப் பாஸ் பண்ணிக்கொண்டிருந்தவள். நாங்கள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தோம், பாதியில் எழுந்து போய்விட்டோம்.

நந்தினிக்கு ஆவணியில் கல்யாணம் முடித்துவிட்டார்கள். கோமதி இரண்டு பேப்பரில் தவறி வீட்டில் இருக்கிறாள். தம்பி, "படிச்சது போதும், ஆளாளுக்கு ஒரு வம்பு" என்கிறான்.

6

நேற்று ரோசாவுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். சந்தியா படிப்பை விட்டுவிட்டாள், யாரும் அவள் வீட்டுக்குப் போகவில்லை.

"ரொம்பத் தூரமா?" என்றாள்.

"இல்லை. நடந்தே போகலாம்."

"பிறகு ஏன்?"

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதற்கு வார்த்தை இல்லை. தமிழில் இருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது. 

அம்மனை நான் குறை சொல்லவில்லை. அவள் யாரையும் எந்த வீட்டுக்கும் போகாதே என்று சொன்னவள் இல்லை. அவள் பெயரை எடுத்துக் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டவர்கள் நாங்கள். அந்தத் தாழ்ப்பாளுக்கு என் கையும் உதவியிருக்கிறது. அதனால்தான் இந்தக் கயிற்றைக் கட்டக் கை வரவில்லை.

நேற்றே கோமதிக்கும் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். காமாலை, ஆஸ்பத்திரித் தரை, ஓசூர், எல்லாம். சந்தியா கோபித்துக்கொண்டு நின்றுவிட்டாள் என்றுதான் அவள் அதுவரைக்கும் நினைத்திருந்தாள்.  இன்று காலை திரும்பக் கூப்பிட்டாள்.

"அத்தை, நான் சந்தியா வூட்டுக்குப் போய்ட்டு வந்தேன்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நெசமாவா? தனியாவா போன?"

"கோயிலுக்குன்னு சொல்லிட்டுப் போனேன். அவங்கம்மா வாசல்ல துணி காயப் போட்டுட்டு இருந்தாங்க. என்னையப் பாத்ததும் என்னையப் பாக்கல அத்தை, எனக்குப் பின்னால தெருவப் பாத்தாங்க. யாராச்சும் வர்றாங்களான்னு. 'உங்கப்பாவுக்குத் தெரியுமா'ன்னாங்க. தெரியாதுன்னேன்."

"அப்புறம்?"

"'அப்ப நிக்காத கண்ணு, கெளம்பிடு. உன்னைய யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நீ எதுக்கு இங்க வந்தன்னு எங்க பசங்களப் புடிச்சுத் தான் கேப்பாங்க. என் பையன் இப்பத்தான் பத்தாவது போறான்'னாங்க. நான் சும்மா ஒரு நிமிசம் உக்காந்துட்டுப் போறன்ங்க, அன்னிக்கு வர முடியல, அதுக்குத் தான் வந்தேன்னேன்."

"உக்காரச் சொன்னாங்களா?" என்றேன். 

"ரெண்டு கையும் சேத்துக் கும்பிட்டாங்க அத்தை. எங்கம்மா வயசு அவங்களுக்கு. என்னையப் போயி கும்பிடறாங்க. போயிடு கண்ணுன்னு."

நான் தினமும் இந்த அலமாரி முன்னால் கும்பிடுகிறவள். வா தாயே, வந்து காப்பாற்று என்றுதான் கும்பிட்டுப் பழக்கம். வராதே, எங்கள் வீட்டுக்கு வராதே என்று ஒரு தாய் கும்பிட வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.